ஓட்டுநரின் வலது கால்

உடம்பு முழுக்கப் பாயில் கிடந்தது. வலது கால் மட்டும் படுக்க மறுத்தது. பாதம் விறைத்து, இல்லாத எதையோ மிதித்துக்கொண்டிருந்தது.

சலவைக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு நடக்கும் யோகா வகுப்பு. அவசரமில்லாத யோகா. ஒரு நிலையில் ஐந்து நிமிடம் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்துப் பாயில் ஓட்டுநரின் மனைவி.

எலும்பிலும் நரம்பிலும் குறையில்லை என்று டிப்போ மருத்துவர் எழுதிவிட்டார். ஆனாலும் இறுகிய காலோடு ஒருவரிடம் பேருந்தைக் கொடுக்க முடியாது. ஆறு வாரம் தவணை. அதற்குள் கால் இளகாவிட்டால் இருபத்தோரு வருட ஸ்டியரிங்கை மறந்துவிட்டுக் கிடங்கில் டயர் அடுக்க வேண்டியதுதான்.

"படுத்துக் கெடக்கறதுக்குக் கிளாஸாண்ணே?" என்று நடத்துநர் கேட்டிருந்தான். "அப்ப நம்ம டிப்போல பாதிப் பேரு வாத்தியாராவே ஆயிடலாமே!"

இது ஐந்தாவது வாரம்.

ஆசிரியை முன்பு மருத்துவமனைத் தாதி. முழங்காலுக்கு அடியில் போர்வையைச் சுருட்டி வைத்தும் பார்த்துவிட்டார். இன்று பாதத்தருகே வந்து உட்கார்ந்தார்.

"எதை மிதிக்கிறீங்க சார்?"

"பிரேக்கைத்தான்."

"வண்டி இன்னும் நிக்கலையா?"

"நின்னுடுச்சு. ஆனா இறக்கத்துல நிக்குது."

மனைவி கண் திறந்தாள். நடந்தது அவளுக்குத் தெரியும். அவர் வாயால் கேட்டதில்லை.

"சைக்கிள்காரர் வழுக்கி முன்னால விழுந்துட்டாரு. சக்கரத்துக்கும் அவருக்கும் ஒரு சாண்தான். ஹேண்ட் பிரேக் போட்டுட்டேன். ஆனாலும் நம்ப முடியல. காலை எடுத்துடாதீங்கண்ணேன்னு கண்டக்டர் வேற கத்துறான்."

"எவ்வளவு நேரம்?"

"அவரைத் தூக்கிட்டுப் போற வரைக்கும். இருபது நிமிஷம்."

"அப்புறம்?"

"விழுந்ததுல தலையில அடி. மூணாம் நாள் போயிட்டாரு. என் சக்கரம் அவர் மேல படவே இல்லம்மா. விசாரணையிலயும் அப்படித்தான் எழுதினாங்க."

ஆசிரியை தன் இரு உள்ளங்கைகளையும் அவர் பாதத்தின் அடியில் வைத்தார்.

"மிதிங்க. நல்லா மிதிங்க."

மிதித்தார். ஆசிரியையின் முழங்கை நடுங்கியது.

"இப்ப மூச்சு விடும்போது கொஞ்சமா எடுங்க. கொஞ்சம் போதும்."

கீழே இஸ்திரிப்பெட்டியின் நீராவி சீறி அடங்கியது. மறுபடி சீறியது. அவர் தொடையில் ஏதோ ஒன்று துடித்து ஓய்ந்தது. பாதம் பக்கவாட்டில் சாய்ந்தது.

"ஐயோ!"

துள்ளி எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. குனிந்து காலுக்கு முன்னால் பார்த்தார். பாய் இருந்தது. பாய்க்கு அப்பால் தரை. தரை சமமாக இருந்தது.

"யாராவது இருக்காங்களா பாரு," என்றார் மனைவியிடம்.

அவள் உண்மையாகவே எட்டிப் பார்த்தாள்.

"யாரும் இல்லைங்க."

வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைகளை ஊன்றித் தானாகவே படுத்தார். பாதம் மெல்ல மறுபடி விறைக்கத் தொடங்கியது. ஆசிரியை கைகளை நீட்டினார்.

"வேணாம்மா," என்று கண்களை மூடிக்கொண்டார். "நானே எடுத்துப் பாக்கறேன்."