பிளம் பழத்தின் மேல் குற்றமில்லை

"தெரியலன்னு போட்டா என்ன குடி முழுகிப் போச்சு? பாதிப் பேரு அப்படித்தானே—"

"தெரிஞ்சதைத் தெரியலன்னு எப்படிடா போட—"

"—எழுதறாங்க? 'காரீயம் எங்கிருந்து வந்தது என்று கண்டறியப்படவில்லை.' படிக்கவே எவ்வளவு கம்பீரமா இருக்கு பாரு!"

"கம்பீரமா? பொய்டா அது, வூக்கன்!"

"பொய் இல்ல, அடக்கம்."

மாணவர் உணவுக்கூடத்தில் இருவருடைய தட்டிலும் பீன்ஸ் குழம்பு ஆறி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. நெவெனா கரண்டியைத் தொடவில்லை. வூக்கன் தன் ரொட்டியையும் தின்று அவள் ரொட்டியையும் தின்றுவிட்டான். சண்டை போட்டால் அவனுக்குப் பசிக்கும்.

இருவரும் மருத்துவப் படிப்பில் கடைசி வருடம். சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையை மாணவர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தார்கள். அது திரும்பி வந்திருந்தது. வேண்டாம் என்று அல்ல, கேள்விகளோடு. அந்த இதழை நடத்துவதும் மாணவர்கள், எழுதுவதும் மாணவர்கள், பெயரை மறைத்துக்கொண்டு மதிப்பிடுவதும் மாணவர்கள்தான். இரண்டாம் மதிப்பீட்டாளர் இப்போது எந்த மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் தின்கிறார் என்றுகூட நெவெனாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஜன்னலோரத்தில் உப்பு போதவில்லை என்று சமையல்காரியிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாளே, அந்தக் கண்ணாடிக்காரியாகத்தான் இருக்கும்.

அந்த இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டிருந்தது இது: நோயாளியின் உடம்பில் காரீயம் எப்படிச் சேர்ந்தது? அதே வழியில் வேறு யாருக்கும் சேர்ந்ததா? பதில் இல்லாமல் வெளியிட இயலாது.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் போக வேண்டும். அடுத்த இதழ் வசந்தகாலத்தில். அதற்குள் நெவெனா பட்டம் வாங்கிவிடுவாள். மாணவராக இல்லாதவர் பெயரை அந்த இதழ் முதலில் போடாது. இத்தனை வருடப் படிப்பில் அவள் பெயர் முதலாவதாக நிற்கப்போகும் ஒரே கட்டுரை இது.

நோயாளி மலைக்கிராமத்து மிலுன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கியவர். ஓரிடத்தில் வயிற்றைக் கீறிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தைத்து அனுப்பினார்கள். கடைசியாக இங்கே வந்து படுத்தபோது, அவர் கொட்டாவி விட்ட நேரத்தில் ஈறின் ஓரமாக ஓடிய நீலக்கோட்டை நெவெனா பார்த்துவிட்டாள். ரத்தத்தைச் சோதித்தால் காரீயம். மருந்து கொடுத்தார்கள், மனிதர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். எங்கிருந்து காரீயம் என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

பிடிபடாததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் "குடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டால், "இல்லை" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பீர் குடிப்பவன்தான் குடிகாரன். வீட்டில் காய்ச்சிய பிளம் பழச் சாராயம், அதாவது ராக்கியா, காலையில் ஒரு கிளாஸ் என்பது குடியில் சேர்த்தியில்லை, முகம் கழுவுவது மாதிரி. மிலுனும் "இல்லை" என்றார். கேட்ட டாக்டரும் அந்த ஊர்க்காரர்தானே, "இல்லை" என்றே எழுதிக்கொண்டார்.

மதிப்பீட்டாளரின் கேள்வி வந்த பிறகுதான் நெவெனா மிலுனுக்குப் போன் போட்டு, குடியைப் பற்றிக் கேட்காமல் ராக்கியாவைப் பற்றிக் கேட்டாள்.

"பெருமையா சொல்றாருடா. 'ராக்கியா காய்ச்சுற குழாய் ஓட்டையாயிடுச்சும்மா, பழைய டிராக்டர் ரேடியேட்டரைக் கழட்டி மாட்டினேன், ஆவி உள்ள போனா பனி மாதிரிக் குளிர்ந்து சொட்டுது'ன்னு. அந்த ரேடியேட்டர்ல ஒட்டு பூரா காரீயம்! 'அதைத் தொடாதீங்க மாமா'ன்னேன். 'லைன் சரியில்ல'ன்னு வெச்சுட்டாரு."

"சரி, அதை எழுது. ரெண்டாவது கேள்விக்கு என்ன எழுதுவே? வேற யாரு குடிச்சான்னு?"

நெவெனா முதல்முறையாகக் கரண்டியை எடுத்துக் குழம்பின் ஆடையைக் கிழித்தாள்.

"சொல்லு. வீட்டுக்குப் போறப்ப வார்டுக்கே பாட்டில் குடுத்துட்டுப் போனாரு. தூக்கிட்டுப் போய்க் குடுத்தவன் நான். புரொஃபசருக்குப் பெரிய பாட்டில். அதை எழுதுவியா?"

"உனக்கும் ஒண்ணு குடுத்தாரே?"

"அதை மிலேனாவோட அப்பாவுக்குக் குடுத்துட்டேன். வருங்கால மாமனாராச்சேன்னு."

"அவருக்கு வயித்து வலி வந்துதா?"

"என்னைப் பார்த்தாலே வயித்து வலிங்கிறாரு. எதனாலன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நெவெனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததால் கோபமும் வந்தது. எழுந்து கோட்டை மாட்டினாள். "வா, புரொஃபசர்கிட்டப் போலாம்."

"அடிப்பாவி, பீன்ஸ்?"

"அதையும் நீயே தின்னுட்டு வா."

பேராசிரியை தெசாங்காவின் அறையில் புத்தகங்கள் கூரைவரை நின்றன. துறையிலிருந்து போகும் எந்தக் கட்டுரையிலும் கடைசிப் பெயர் அவருடையதுதான். அவர் படித்தாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரையை மட்டும் உண்மையாகவே படித்து, ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் சண்டை போட்டிருந்தார். அதனால்தான் நெவெனாவுக்கு அவரைப் பிடிக்கும்.

"என்ன, ரெண்டு பேரும் சாவுச் செய்தி கொண்டு வந்த மாதிரி நிக்கிறீங்க?"

"மேடம், ஒண்ணு கேக்கணும்." நெவெனா மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீங்க குடிப்பீங்களா?"

"நானா? என்ன கேள்வி இது! கிடையாது."

"மிலுன் மாமாவும் அப்படித்தான் சொன்னாரு, மேடம்."

தெசாங்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மாணவியைப் பார்த்தார். அப்புறம், பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, அலமாரியின் மூன்றாவது தட்டைப் பார்த்துவிட்டார். வூக்கன் போய் அங்கிருந்த இரண்டு தடிப் புத்தகங்களை நகர்த்தினான். பின்னால் பாட்டில் நின்றது. கழுத்துக்குக் கீழே வெகுதூரம் வரை காலி.

"ஆவியாகியிருக்கும்," என்றான் வூக்கன், உதவி செய்கிறவன் போல.

"வாயை மூடு. காலையில ரவுண்ட்ஸுக்கு முன்னாடி ஒரு சின்ன கிளாஸ். அது குடியா? ரத்த அழுத்தத்துக்கு." குரல் பாதியில் இறங்கியது. "என்ன, அதுல ஏதாவது..?"

நெவெனா ரேடியேட்டர் கதையைச் சொன்னாள். தெசாங்கா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே கேட்டார். கோடையிலிருந்து வயிறு சுருட்டிப் பிடிக்கிறது என்றும், அது உணவுக்கூடத்து முட்டைக்கோஸ் வேலை என்றும் துறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"சமையல்காரியைப் போட்டுத் திட்டினேனே," என்றார் கடைசியில். "அந்தப் பொம்பளைகிட்டப் போய் இப்ப என்னன்னு சொல்றது?"

"மேடம், எழுதலாமா?"

"என்னைக் கேக்காதே. மிலுனைக் கேளு. அவர் நம்ம நோயாளி. கை நடுக்கம், ஈறு, வயிறு, இதுக்குத்தான் சம்மதம் தந்தாரு. ராக்கியாவுக்குத் தரல. அவர் தலையாட்டாம ஒரு வரி சேர்ந்துது, கிழிச்சுப் போட்டுடுவேன். அவர் சரின்னா..." சட்டையின் கைப் பொத்தானைத் திருகினார். "அவர் சரின்னா, நானும் ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டறேன்."

மறுநாள் வூக்கனின் பழைய யூகோ கார் இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு மலையேறியது. மிலுன் வாசலுக்கே ஓடிவந்தார். கட்டிப்பிடித்து, வலக் கன்னம், இடக் கன்னம், மறுபடி வலக் கன்னம் என்று மூன்று முத்தம். அவர் மனைவி ராடாங்கா தட்டில் செர்ரிப் பாகும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். ஆளுக்கு ஒரு கரண்டி. அதற்குமேல் எடுத்தால் மரியாதையில்லை, எடுக்காவிட்டாலும் மரியாதையில்லை. பின்னாலேயே சின்னச் சின்ன கிளாஸ்கள் வந்தன.

"வேண்டாம் மாமா," என்றாள் நெவெனா.

மிலுனின் முகம் விழுந்துவிட்டது. "என் வீட்டுல வந்து வேண்டாம்னா?"

"அதைப் பத்திப் பேசத்தான் வந்தோம்."

"அந்த ரேடியேட்டர்தானே? தெரியும்மா, தெரியும்! எதை வேணாலும் எழுதிக்கோ. வயசு எழுது. ராத்திரியெல்லாம் அழுதேன்னு எழுது. ஆஸ்பத்திரிப் படுக்கையில மூத்திரம் போனேன்னுகூட எழுது. ராக்கியாவை மட்டும் எழுதாதே."

"பேரு போட மாட்டோம் மாமா. யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியுமா? இந்த ஜில்லாவுல டிராக்டர் ரேடியேட்டர்ல காய்ச்சுறவன் எத்தனை பேரு? நான் ஒருத்தன்தானே புத்திசாலி! எதிர் வீட்டு ராதிசாவ் ஒருத்தன் போதும், சர்ச்சுல மைக் வெச்சுப் படிச்சுக் காட்டுவான். மிலுன் செத்தான்னு சொல்லு, பொறுத்துக்குவேன். மிலுனோட ராக்கியா மட்டம்னு சொன்னா எப்படிம்மா தலை நிமிர்ந்து நடப்பேன்?"

"பார்த்தியா?" என்றாள் ராடாங்கா அடுப்புப் பக்கமிருந்து. "என்னைப் பத்தி இப்படி ஒரு நாள் பேசினதில்ல."

கொல்லையில் இந்த வருடத்துப் பிளம் ஊறல் பீப்பாய்களில் பொங்கிக்கொண்டிருந்தது. வாசனை உள்ளே வரை வந்தது. லூக்கா திருநாள் அடுத்த வாரம். அது மிலுன் வீட்டுப் புனிதரின் நாள். கதவு திறந்திருக்கும், ஊரே வரும், வருகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிளாஸ். அதற்காகத்தான் நாளை காய்ச்சப் போகிறார்.

நெவெனா கட்டுரையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. தன் பெயரையும் வெள்ளிக்கிழமையையும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

"மாமா, போன வருஷத்து ராக்கியாவை யார் யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்குன்னா? பாதிரியாருக்கு. தபால்காரருக்கு. நாங்க அவ்வளவா குடிக்கிறதில்ல பாரு, குடுக்கத்தானே காய்ச்சுறது! இந்தத் தம்பிக்கு ஒண்ணு. நர்ஸம்மாங்களுக்கு. டாக்டரம்மாவுக்குப் பெருசா, நல்ல மரத்து..."

நின்றுவிட்டார்.

"டாக்டரம்மா அதைக் குடிச்சாங்களா?"

அது இன்னொரு நோயாளியின் விஷயம். சொல்ல நெவெனாவுக்கு உரிமையில்லை. வூக்கன் கூரையைப் பார்த்தான். அந்தக் கூரையில் பார்க்க ஒன்றுமே இல்லை.

"என் உயிரைக் காப்பாத்தின பொம்பளைக்கு," என்றார் மிலுன் மெதுவாக, "நான் என் கையால..." கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாட்டிலுக்குள் திருப்பி ஊற்ற முயன்றார். பாதி மேசைமேல் சிந்தியது. ராடாங்கா வந்து கிளாஸை வாங்கி, ஜன்னலைத் திறந்து வெளியே கொட்டினாள். ஒரு கோழி ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனது.

"புனித லூக்கா வைத்தியராச்சே மாமா," என்றாள் நெவெனா. "அவர் பேரைச் சொல்லியா இதைக் குடுக்கப் போறீங்க?"

"சும்மா இரும்மா. அதுக்குமேல குத்தாதே." மேசையைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். பேனாவைப் பிடித்தவர் மறுபடி நிமிர்ந்தார். "ஒரு நிபந்தனை. பிளம் பழத்து மேல குத்தமில்லைன்னு எழுதணும். தாத்தா வெச்ச மரம். பழம் சுத்தம், ஊறல் சுத்தம். குத்தம் ரேடியேட்டர் மேல. எழுதுவியா?"

"எழுதறேன் மாமா."

"ஆய்விதழ்ல அப்படியெல்லாம் எழுத மாட்டாங்க—" என்று வூக்கன் தொடங்க, நெவெனா அவன் காலை மிதித்தாள்.

வெள்ளிக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. தெசாங்காவின் ரத்தத்தில் காரீயம் இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு. வார்டு நர்ஸ்களுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் பாட்டிலைக் கிறிஸ்துமஸுக்கு என்று பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். மிலேனாவின் அப்பாவுக்கும் ஒன்றுமில்லை. வூக்கன் கொடுத்தது எதையும் அவர் வாயில் வைப்பதில்லையாம்.

தெசாங்கா கட்டுரையைக் கடைசியாக ஒருமுறை படித்தார். இரண்டாம் நோயாளியைப் பற்றிய பத்தியில் பென்சில் நின்றது.

"'அறுபத்தொரு வயதுப் பெண்' எதுக்கு? 'நடுவயதுப் பெண்'னு போடு."

"மேடம், அறிவியல்."

"அறிவியலுக்கு என் வயசு தெரிஞ்சு என்ன ஆகணும்?" முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். "'பழங்களும் ஊறலும் பரிசோதிக்கப்பட்டன, அவற்றில் காரீயம் இல்லை. மாசு முழுவதும் குளிர்விக்கும் கருவியிலிருந்து வந்தது.' இது நல்லாருக்கு. சோதிச்சியா நிஜமா?"

"பீப்பாய்ல இருந்து எடுத்துட்டு வந்தோம் மேடம். வூக்கன் கார் பூரா இன்னும் நாறுது."

தெசாங்கா முதல் பக்கத்துக்குத் திரும்பினார். மூன்று பெயர்கள். கடைசியில் அவருடையது, வழக்கம்போல. அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"மேடம்! என்ன பண்றீங்க?"

"யார் யார் என்ன செஞ்சாங்கன்னு இதழ் கேக்குதுல்ல? நீ கண்டுபிடிச்சே, நீ எழுதினே. இவன் படம் போட்டான், கார் ஓட்டினான். நான் செஞ்சது என்ன? குடிச்சேன். நோயாளி எழுத்தாளரா இருக்க முடியாது. வழிகாட்டின்னு கீழே கையெழுத்துப் போடறேன், நோயாளின்னு சம்மதத் தாளில போடறேன். போதும்."

இப்போது பக்கத்தில் இரண்டே பெயர்கள். நெவெனாவின் பெயர் முதலில், சுற்றிலும் நிறைய இடத்தோடு. அவள் திருத்தங்களைக் கணினியில் ஏற்றிவிட்டு, 'அனுப்பு' பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அமுக்கு," என்றான் வூக்கன். "அஞ்சாகப் போகுது."

"நீ அமுக்கு."

"உன் பேரு முதல்ல இருக்கு, உன் விரலும் முதல்ல இருக்கட்டும்."

அமுக்கினாள். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. கட்டுரை பெறப்பட்டது. தெசாங்கா கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, ஜன்னலில் காற்று என்றார். ஜன்னல் மூடியிருந்தது.

கதவு தட்டப்பட்டது. திறந்தால் மிலுன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, சீவிய தலை, ஒரு கையில் தொப்பி. இன்னொரு கையில், துணி சுற்றிய பாட்டில். தெசாங்காவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. பாட்டிலை மேசைமேல், கட்டுரைத் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தார். பையிலிருந்து நான்கு சின்ன கிளாஸ்களை எடுத்து வரிசையாக அடுக்கினார். மூடியைத் திருகினார். அறை முழுக்கப் பிளம் வாசனை.

"புதுச் செம்புக் குழாய் மாட்டிக் காய்ச்சினது, டாக்டரம்மா," என்றார். "சொல்லுங்க, முதல் கிளாஸ் யாருக்கு?"