பழைய ஆளாக

மாதம் எதுவென்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. இண்டூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். அது வேறு வருடத்து நினைவாகவும் இருக்கலாம். கலைமதி செய்ததில் மட்டும் சந்தேகமில்லை.

கல்யாணமாகிச் சில வருடத்தில் பிள்ளையில்லை என்றானதிலிருந்து மாமியார் ராணியம்மாள் அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. பிள்ளை பெறாதவள் தொட்டது விளங்காது என்று தனி அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டாள். புருஷன் சந்திரமோகன் ஓசூரில் கம்பெனி வேன் ஓட்டினான். சனிக்கிழமை வருவான், அம்மாவிடம் பேசுவான், தூங்குவான்.

ஒருநாள் காலையில் ராணியம்மாள் அடுப்புப் பற்றவைக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். சேலை நனைந்திருந்தது. கலைமதியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா சசி? சாப்டியா கண்ணு?"

சசிகலா ராணியம்மாளின் மகள். வயதுக்கு வந்த வருடமே காமாலையில் செத்துப்போனவள்.

தெருவில் பேய் என்றார்கள். கலைமதி கிழவியைத் தருமபுரிக்கு பஸ் ஏற்றினாள். டாக்டர் பிரியதர்ஷினி மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பேயுமில்ல, ஒண்ணுமில்ல. மூத்திரத்துல கிருமி. வயசானவங்களுக்கு எரிச்சல், காய்ச்சல் இல்லாமக்கூட இப்படிப் புத்தி தடுமாறும். எந்தக் கிருமின்னு பாக்க கல்ச்சருக்கு அனுப்பறேன். அதுக்குள்ள இந்த மாத்திரைய ஆரம்பிச்சிருங்க. விட்டுட்டீங்கன்னா கிட்னிக்கு ஏறிடும்."

"இந்தப் பேச்சு?"

"சரியாயிடும். ரெண்டு மூணு நாள்ல பழைய ஆளா ஆயிடுவாங்க."

"பழைய ஆளாவா?"

"அப்படியே."

திரும்பும்போது கிழவி அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். கலைமதி இறங்கும்வரை தோளை அசைக்கவில்லை.

அன்று களியை உருட்டிக் கையில் வைத்தாள். கிழவி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு விரலையும் நக்கினாள். மாத்திரையை நாளைக்குக் கொடுக்கலாம் என்று கலைமதி நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள்.

பக்கத்து வீட்டு மாதம்மாள் வேலியோரம் நின்று சிரித்தாள். "ஏண்டி, மாமியாக்காரி உம் மடியிலயே கெடக்கறா. என்ன மருந்துடி வெச்ச?"

"மருந்தே வெக்கிலீங்க அக்கா" என்றாள் கலைமதி. அது பொய்யில்லை.

சந்திரமோகன் போனில் கேட்டான். "மாத்திரை குடுத்தியா?"

"குடுத்தேங்க."

தலை வாரிவிடும்போது கிழவி ரகசியமாகச் சொன்னாள்: "சசி, இந்த வூட்ல ஒரு மலடி இருக்கறா. அவ கையில எதும் வாங்கித் தின்னாத. உங்கண்ணன் வரட்டும், தொரத்திடலாம்."

சீப்பு நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"தொரத்திடலாம்மா" என்றாள் கலைமதி.

கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டதென்று போன் வந்தது. கொடுத்திருக்கும் மாத்திரையே நன்றாகக் கேட்கும், நிறுத்த வேண்டாம் என்றார்கள். சரிங்க என்று வைத்தாள். உள்ளே ராணியம்மாள், சசிக்கென்று எடுத்துவைத்த முறுக்கை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

அடுத்த நாள் கிழவிக்குக் குளிர் கண்டது. கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. கலைமதி அட்டையைக் கிழித்து மாத்திரைகளை வாயில் திணித்தாள். எல்லாம் வாந்தியில் வந்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?"

"குடுத்தேங்க."

ஊசி மருந்து ஏறியது. சில நாளில் ராணியம்மாள் தெளிவாகக் கண் திறந்தாள். நெற்றியில் இருந்த கையைப் பார்த்தாள், கைக்குரியவளைப் பார்த்தாள்.

"எடுடி கைய. சந்திரன் எங்க? இவள யாரு எங்கிட்ட விட்டது?"

கலைமதி கையை எடுத்துக்கொண்டாள்.

ராணியம்மாளுக்கு இரண்டு கிட்னியும் போயின. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிசுக்குக் கலைமதிதான் பஸ்ஸில் கூட்டிப்போனாள். வழியெல்லாம் வசவு வாங்கினாள். ஒரு வருடம் கழித்து, பங்குனியில், கிழவி செத்தாள். சந்திரமோகன் ஓசூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்து, பெண் குழந்தைக்குச் சசிகலா என்று பேர் வைத்தான். கலைமதி அதே வீட்டில் தனியாக இருக்கிறாள், கிழங்கு மில்லுக்கு வேலைக்குப் போகிறாள். மாத்திரையைப் பற்றி அதற்குப் பிறகு அவளை யாரும் கேட்கவில்லை.