பாக்கியசீலன் சார் ஆடியது

இதனால் முக்கூடல் வட்டாரத்துச் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஆசிரியர்கள் இனி மகிழ்ச்சியாக இருப்பார்கள். காலையில் பள்ளி வாசல் திறந்ததிலிருந்து முதல் மணி அடிக்கும் வரை கட்டாயமாகவும், அதற்குப் பிறகு அவரவர் சக்திக்கேற்பவும் இருப்பார்கள்.

இந்த முடிவை எடுத்தவர் ‘ஊக்கச் செம்மல்’ முனைவர் செந்தில்முருகன். பள்ளி நிர்வாகம் அவரை ஒரு நாள் பயிற்சிக்கு அழைத்திருந்தது. ஜூன் வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொல்லி, பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். சம்பள உயர்வு கேட்டு ஒன்பது வருஷமாக ஒருவரோடொருவர் புலம்பிக்கொண்டிருந்தவர்கள் கட்டளைக்குப் பணிந்து சிரித்தார்கள். போகும்போது வகுப்புக்கு ஒன்றாக ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் நான்கு படங்கள்: கைகுலுக்கல், உள்ளங்கைத் தட்டல், வணக்கம், நடனம். காலையில் வாசலில் வரிசையாக வரும் பிள்ளை எதைத் தொடுகிறதோ, அதை ஆசிரியர் அந்தப் பிள்ளையோடு செய்ய வேண்டும். மலர்முகத் திட்டம் என்று பெயர்.

ஐந்தாம் வகுப்புப் பாக்கியசீலன் சாருக்கு ஐம்பத்தாறு வயது. அவர் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. பள்ளி ஆண்டுவிழாப் படங்களில்கூட, திருடனைப் பிடித்து நிறுத்தியவர் மாதிரிதான் நிற்பார். அப்படிப்பட்டவரை ஆடவைக்க வழியிருக்கிறது என்று தெரிந்தபின் எந்தப் பிள்ளை கைகுலுக்கும்? முதல் நாளே வகுப்பு மொத்தமும் நடனத்தைத் தொட்டது. சார் ஒரு கையைத் தூக்கினார், ஒரு காலைத் தூக்கினார், சுற்றி நின்றார். காற்றில் புரண்டுபோன குடையோடு ஒருவர் மல்லுக்கட்டுவது போலிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய், மனைவி சாரம்மாளிடம் இதைப் புகாராகத்தான் சொன்னார். சாரம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. வாரம் இருமுறை பாளையங்கோட்டைக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வந்து, மற்ற நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அன்று திரும்பிப் படுத்தாள்.

“நீங்களா ஆடுனிய? எங்க, ஆடிக் காட்டுங்க.”

“சும்மா கெடட்டி. இடுப்பு பிடிச்சிக்கிட்டு.”

கதவைச் சாத்திவிட்டு ஆடிக் காட்டினார். இருமல் வரும்வரை சிரித்தாள்.

அதன்பிறகு தினமும் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, இன்று என்ன ஆட்டம் என்பதுதான். சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே. சார் புதுப்புது அடவுகளைச் சேர்த்தார். சாரோடு ஆடிய அசன் மைதீன் கால்தடுக்கி விழுந்ததையும், அவனைத் தூக்கப்போய்ச் சாரும் விழுந்ததையும் சாரம்மாள் மூன்று நாள் திரும்பத் திரும்பச் சொல்லச்சொல்லிக் கேட்டாள். வகுப்பிலும் என்னவோ மாறிப்போயிற்று. பின்னக் கணக்கைச் சார் கதையாகச் சொன்னார். பீடி சுற்றிக்கொண்டிருந்த தாய்மார்கள், பிள்ளைகள் காய்ச்சலோடும் பள்ளிக்கூடம் போகிறேன் என்று நிற்பதாகத் தலைமையாசிரியை ரீபாவிடம் வந்து சொன்னார்கள். செந்தில்முருகன் தன் மேடைகளில், ஒரே நாள் பயிற்சியில் தாம் மலரவைத்த ஒரு பாறையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பாறையின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டதில்லை.

ஐப்பசி மழையில் சாரம்மாள் இறந்துபோனாள்.

விடுப்பு முடிந்து சார் வகுப்பு வாசலில் வந்து நின்ற காலையில், வரிசையில் முதலாவதாக நின்றவள் அஃப்ரா. அவர் முகத்தைப் பார்த்தாள். வணக்கத்தைத் தொட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற எல்லோரும் வணக்கத்தையே தொட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாட்களிலும். சார் ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகூப்பினார். அதற்குமேல் தன்னால் எதுவும் முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அப்போதுதான் செந்தில்முருகன் அதே கோட்டில், கேமராக்காரரோடு வந்து இறங்கினார். சென்னையில் போட்டியாம். மலர்ந்த பாறையைப் படம்பிடிக்க வேண்டுமாம். சார் ரீபாவிடம் தனியாகப் போய், வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள், என்னால் ஆட முடியாது என்று கேட்டுக்கொண்டார். ரீபா அதைச் செம்மலிடம் சொன்னார். மனைவி போய் ஒரு மாதம்தான் ஆகிறது என்பதையும் சொன்னார்.

“துக்கத்தைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிட வேண்டும், மேடம். அவன்தான் ஆசிரியன்,” என்றார் செம்மல். அவர் ஷூவோடு வகுப்புக்குள் நின்றுகொண்டிருந்தார்.

ரீபா திரும்பி வந்து, “அண்ணன், ஒரே ஒரு தடவ. பைய கையக் கால அசைச்சாப் போதும்,” என்றார். நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

கேமரா ஓடியது. அஃப்ரா வந்து வணக்கத்தைத் தொட்டாள். அடுத்தவனும் வணக்கம். அதற்கடுத்தவளும். செம்மல் நிறுத்தச் சொல்லி, கேமராக்காரரிடமிருந்து கறுப்பு டேப்பை வாங்கி, வணக்கத்தின் மேல் ஒட்டினார். மறுபடியும் வரிசை. அஃப்ரா அட்டையை ஒருமுறை பார்த்தாள். டேப்பின் மேல் விரலை வைத்தாள்.

செம்மலின் மலர்முகம் வாடிப்போயிற்று. யார் வீட்டுப் பிள்ளை, கூப்பிடு தகப்பனை என்று கத்தினார். அவள் விரலை எடுக்கவில்லை.

“சார் ஆட வேண்டாம். அவ்வொ வீட்டம்மா மௌத்தாயிட்டாவல்லா,” என்றாள்.

பாக்கியசீலன் சார் குனிந்து அந்த விரலைப் பைய விலக்கி, நடனப் படத்தின் மேல் தானே வைத்தார்.

“பிள்ளைய வையாதிய. நான் ஆடுதேன்.”

ஆடினார். ஒரு கை, ஒரு கால், சுற்றி நின்று, மறுபடி ஒரு கை. சேர்த்துவைத்த அடவுகள் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அஃப்ரா அழுதுகொண்டே கூட ஆடினாள். பிள்ளைகள் சுவரோரமாக ஒட்டி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளிடம் சிரிப்பு இல்லை என்று கேமராக்காரர் குறைப்பட்டதால், அடுத்த வகுப்புக்குப் போய்ச் சிரிப்பைத் தனியாகப் பதிவுசெய்துகொண்டார்கள். பிரமாதம் சார், இதுதான் அர்ப்பணிப்பு என்று செம்மல் கைகுலுக்கினார்.

சாயங்கால பஸ்ஸில் சார் ஜன்னலோரம் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், எல்லாவற்றையும் சொல்வதற்கு வாகாக மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனார். கோட்டு முதலில். டேப் பிறகு. கடன்வாங்கிய சிரிப்பு கடைசியில். அதற்கு அவள் நிச்சயம் சிரிப்பாள். வீட்டு வாசலுக்கு வந்து, பூட்டைப் பார்த்தபிறகுதான் நிறுத்தினார். சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. வெகுநேரம் அதை எடுக்கவில்லை.

படம் போட்டிக்குத் தேர்வாகவில்லை. கேமராவைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டியதை, நெட்டுக்குத்தாகப் பிடித்துவிட்டார்களாம்.