பாக்கெட் இல்லாத டவுசர்

தையல் தெரிந்தவனெல்லாம் துபாய்க்கும் சவுதிக்கும் பறந்துவிட்டான். கொடைக்கானல் பஜாரில் இப்ராம்சா பாய் கடையில் மிஷின்கள் ஆளில்லாமல் சும்மா கிடந்தன. இல்லாவிட்டால் என்னைப் போன்றவனை யார் கடைக்குள் விடுவார்கள்? வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு ஆறு வருஷம் உள்ளே இருந்தவன் நான். தையல் கற்றதும் அங்கேதான். "வெளிய ஆள் கெடைக்காம அலையுறாங்க. நீ பொழச்சுக்கிருவ" என்றார் ஜெயில் தையல் மாஸ்டர்.

நான் எங்கிருந்து வந்தேன் என்பது பாய்க்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு நான் திண்டுக்கல் டெய்லர் ஆண்டிச்சாமி. அந்தப் பெயர் நிலைத்தால் போதும், வேறு ஆசையில்லை எனக்கு.

கிறிஸ்துமசுக்கு மிஷன் விடுதிப் பையன்களுக்குப் புது டவுசர் வேண்டுமென்று விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஜோசப்பின் என்ற டீச்சர் துணி கொடுத்துவிட்டுப் போனார். பாய் ஒரு நிக்காஹுக்காகப் பழனிக்குப் போயிருந்தார். நானே வெட்டி, நானே தைத்து, இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

பாய் திரும்பிய அன்றே டீச்சரும் வந்தார். ஒரு டவுசரை எடுத்துப் புரட்டினார்.

"என்ன பாய், ஒண்ணுலகூட பாக்கெட்டே இல்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெயில் உடுப்புக்குப் பாக்கெட் கிடையாது. கைதி எதைப் போட்டுவைக்க? இத்தனை வருஷம் தைத்ததெல்லாம் அதுதான். கை தன்பாட்டுக்கு அதையே தைத்து வைத்திருக்கிறது.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நான்தான் வேணாம்னேன் டீச்சரம்மா. பயலுக கண்டதையும் போட்டுக் கிழிச்சிருவானுங்க."

டீச்சர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். தப்பித்தேனடா என்று மூச்சு விட்டேன்.

அந்த டிசம்பரில் உறைபனி. கிறிஸ்துமஸ் காலையில் விடுதிப் பையன்கள் புது டவுசரோடு வரிசையாகக் கோயிலுக்குப் போனார்கள். கையை நுழைக்க இடமில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலை குனிந்து நடந்தார்கள். ஜெயிலில் எண்ணிக்கை எடுக்கும்போது நாங்கள் நின்றதும் அப்படித்தான். பச்சைப் பிள்ளைகளுக்கு ஜெயில் உடுப்பை மாட்டிவிட்டேனே என்று உடம்பெல்லாம் கூசியது. பாயிடம் போய்ச் சொன்னேன்.

"நான் மனசு மாத்திக்கிட்டேன்னு சொல்லி வாங்கிட்டு வாலே, பாக்கெட் வச்சுக் குடுத்துருவோம்" என்றார் பாய். விடுதிக்குப் போய் அப்படியே சொன்னேன்.

"வேண்டாங்க. பாய் சொன்னது சரிதான். பயலுக ஒழுங்கா நடக்குறானுங்க. அடுத்த வருஷமும் இப்பிடியே தைங்க" என்றார் டீச்சர்.

கையிலிருந்த பொய் தீர்ந்துவிட்டது.

"அது ஜெயில் டவுசருங்க டீச்சர். நான் உள்ள இருந்தப்பப் படிச்ச தையலு. அங்க பாக்கெட் வைக்க மாட்டாங்க. பாய் எனக்காகத்தான் அப்பிடிச் சொன்னாரு."

மேஜைமேல் இருந்த கைப்பையை டீச்சர் மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டார். அப்புறம்தான் தன் கை செய்ததை அவரே பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. பையை எடுத்து மறுபடி மேஜையில், என் பக்கமாகவே வைத்தார்.

"டவுசரெல்லாம் எடுத்துத் தாரேன்" என்றார், தரையைப் பார்த்தபடி. "வெரசா தைச்சுக் குடுங்க. புள்ளைகளுக்குக் கை விறைக்குது."