கோட்டை மகாலில் எட்டு சுரம்

கோதண்டபாணி கட்டிய ஏசி மகாலுக்கு நான்கு கோபுரங்கள். ஸ்காட்லாந்துக் கோட்டை மாதிரி வேண்டும் என்று கைப்பேசியில் படம் காட்டி, பள்ளிப்பட்டு மேஸ்திரியைக் கொண்டு எழுப்பியது. உச்சியில் மட்டும் முருகர், மயிலோடு. கோட்டைக்குள் அந்த நாட்டுச் சங்கீதம்தான் ஒலிக்கவேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் திறப்பு விழாக் காலையில், முப்பத்து நான்கு நரம்புகள் கொண்ட கெல்டிக் ஹார்ப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு புஷ்பலதா மேடையில் உட்கார்ந்திருந்தாள்.

அயர்லாந்தில் ஆறு வருடம் நர்ஸாக இருந்தவள். அங்கே வாரம் ஒரு மாலை வகுப்புக்குப் போய் ஹார்ப் கற்றுக்கொண்டாள். ஊர் திரும்பும்போது கூட வேலை பார்த்தவர்கள் நகை கொண்டுவந்தார்கள். அவள் இதைக் கொண்டுவந்தாள். மூன்று வருடமாகத் திருத்தணியில் ஒருவர்கூட ஒரு பாட்டை முடிவுவரை கேட்டதில்லை. கணவன் எல்லப்பன் இரண்டாவது வரியிலேயே "நல்லாகீது" என்பான். போதும் என்று அதற்கு அர்த்தம். அதனால் கோதண்டபாணியிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: நாலு நிமிடப் பாட்டு, முடியும்வரை மைக்கை யாரும் தொடக்கூடாது. அவர் மலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டு ஒப்புக்கொண்டார்.

ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு தீவில், படகேறிப் போனவனை நினைத்துப் பெண்கள் பாடும் மெட்டு அது. முதல் பாதி கரையிலேயே நிற்கும். இரண்டாம் பாதியில் அலை ஏறும். கடைசி எட்டு சுரத்தில் படகு கரை சேரும். அந்த எட்டும் இல்லாவிட்டால் அதுவரை வாசித்ததெல்லாம் வெறும் இழுவை.

அவள் பாதியைத் தொட்டபோது வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்தார். பெரிய மனிதர் வாசல் ஏறினால் மேடையில் எது நடந்தாலும் நிறுத்தி வரவேற்பது முறை. வரவேற்றுப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவருக்கும் ஒன்று போர்த்தினார்கள். புஷ்பலதா முதலிலிருந்து தொடங்கினாள். அலை ஏறும் இடத்தில் ஒன்றியச் செயலாளர் வந்தார். மறுபடி முதலிலிருந்து. பிறகு அவருடைய மைத்துனர். ஐந்தாம் முறை முன்வரிசைக்காரர் ஒருவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தார். முதல் பாதி அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"சார், சொன்னீங்களே" என்றாள் புஷ்பலதா.

"நீ வாசிச்சிகினே இரும்மா, நான் சன்னமா பேசிக்கிறேன்" என்றார் கோதண்டபாணி. "வந்தவர வாங்கன்னு கூப்புடலன்னா நாளைக்கு எவன் மண்டபம் எடுப்பான்?"

ஆறாம் முறை பொன்னாடை அவளுக்கே வந்தது. பெரிய பொன்னாடை, ஹார்ப்பையும் சேர்த்து மூடியது. நரம்புகள் தும்மினாற்போல ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. கோட்டைக்கு ஏற்ற கச்சேரி என்று கோதண்டபாணி மைக்கில் அறிவித்தார். எல்லோரும் கைதட்டிக்கொண்டே எழுந்தார்கள். கீழே இலை போட்டாகிவிட்டது.

சாப்பிடாமலே கிளம்பினாள். வாடகைக்குப் பேசியிருந்த மணவாளனின் குட்டியானைச் சரக்கு வண்டியில், ஹார்ப் சாயாமலிருக்க அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரயில்வே கேட்டருகே வண்டி நின்றது.

"கேட்டு போட்டுட்டாங்கக்கா" என்றான் மணவாளன் தலையை வெளியே நீட்டி. "ஒண்ணு போயி இன்னொண்ணு வரணும். நேரமாவும்."

புஷ்பலதா பொன்னாடையை உருவிக் காலடியில் போட்டாள். வெயிலில் இரண்டு நரம்புகளில் சுருதி இறங்கியிருந்தது. முறுக்கிச் சரிசெய்து தொடங்கினாள். முதல் ரயில் தடதடத்துப் போனது. அவள் நிறுத்தவில்லை. இருசக்கர வண்டிக்காரர்கள் இன்ஜினை அணைத்தார்கள், பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான். கீரைக்கட்டோடு நின்ற கீரைக்காரி ஜெயம்மாள், வண்டிக்குள் என்ன விற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள். அலை ஏறியது. இரண்டாவது ரயிலும் போனது.

கேட் மெல்ல மேலே எழுந்தது. பின்னாலிருந்த பஸ்ஸின் டிரைவர் ஹாரனை அழுத்தினான். மணவாளன் சாவியில் கைவைத்துத் திரும்பிப் பார்த்தான்.

"முடிஞ்சிதாக்கா?"

வாசித்துக்கொண்டே தலையை ஆட்டினாள், இல்லை என்று. எட்டு பாக்கி. பஸ் மறுபடி அலறியது. மணவாளனின் விரல்கள் சாவிமேல்தான் இருந்தன, திருப்பாமல்.