ஹர்த்தால் வராத மூன்று மாதம்

1.

ஓர் இரும்பு ஷட்டரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றபோது கிடைத்த கதை இது. தூக்கினால் மேலே உருளையில் சுருண்டு ஒளிந்துகொள்கிறது, இறக்கினால் விரிகிறது. அதன் வெளிப்புறத்தில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டால்? என்று யோசித்தேன். சுப்பாத்தாள் பிறந்துவிட்டார்.

2.

கேரள எல்லையோர ஊரான பெருமாட்டியில் பேக்கரி நடத்தும் சுப்பாத்தாள் கடும் காய்ச்சலில் கிடந்தபோது வரி உத்தரவு வந்து...

(வேண்டாம். காய்ச்சல் யாருக்கும் வரும்.)

சுப்பாத்தாளுக்கு உத்தரவு மட்டும்தான் வந்தது. அதுவும் தப்பான உத்தரவு, ஒரே விற்பனையை இரண்டு முறை கூட்டியிருந்தார்கள். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். தவறவிட்டால், தகுந்த காரணம் சொல்லி அனுமதி கேட்க இன்னும் ஒரு மாதம். (எனக்குப் பிடித்த இடம் இது: தாமதத்துக்கும் ஒரு கெடு!) அனுமதி கிடைக்காவிட்டால் ரொட்டி அடுப்பு ஜப்தி. அடுப்பு போனால் கடை இல்லை.

நான்காம் மாதம் முடியப்போகிறது.

3.

"ஜொரம்னு எழுதினாப் போறும். அதாக்கும் வழக்கம்" என்றார் வரி ஆலோசகர் ராமபத்ரன், கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர்.

"காச்சலுங்களா சாமி? தெனமும் நாந்தானுங்க கடை தொறந்தேன். ஊரே பன்னு வாங்கித் தின்னுச்சு. யாருங்க நம்புவாங்க?"

"பின்னே நீங்கோ என்னதான் காரணம் சொல்லப்போறேள்?"

"ஹர்த்தால் வரலீங்க."

ராமபத்ரன் பேனாவை மூடினார்.

4.

விளக்குகிறேன். சுப்பாத்தாள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில், பூட்டிய ஷட்டரில் உத்தரவை ஒட்டிவிட்டுப் போனார்கள். அப்படி ஒட்டினாலும் செல்லும். மறுநாள் விடியுமுன் அவர் ஷட்டரைத் தூக்கினார், உத்தரவும் சுருண்டு மேலே போயிற்று. இருட்டிய பிறகு இறக்கினார், அந்த மூலையில் தெருவிளக்கு இல்லை. பேக்கரிக்கு ஞாயிறும் வேலைநாள். மூன்று மாதமும் ஹர்த்தால் இல்லை, அதாவது பகலில் ஊர் கடையடைப்பு ஒன்றுகூட இல்லை. நான்காவதில் ஒன்று வந்தது. பட்டப்பகலில் ஷட்டர் இறங்கியிருக்க, ஊரே நின்று படித்தது.

5.

"இத்தன மாசம் கண்ணுல படவே இல்லையோ?" மேல்முறையீட்டு அதிகாரி ஸ்ரீஜா நம்பவில்லை.

சுப்பாத்தாள், வெந்நீர் தெளித்து உரித்தெடுத்த உத்தரவை நீட்டினார். "உங்க ஆளுக ஒட்டுனதுதானுங்க. மைதாப் பசை. பதம் நல்லாத்தான் இருந்துச்சு."

ராமபத்ரன் இருமலாகிவிட்ட சிரிப்பைத் துண்டில் புதைத்தார்.

காகிதம் முழுக்க ஷட்டரின் வரிவரியான மடிப்புகள். ஸ்ரீஜா அதை மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவினார். கையை எடுத்தார்.

அது தானாகச் சுருண்டுகொண்டது.

6.

முடிவு அ: ஸ்ரீஜா சிரித்து, "அனுமதி" என்று... (ரொம்ப இனிப்பு.)

முடிவு ஆ: "ஹர்த்தால் வராதது தகுந்த காரணம் ஆகாது" என்று... (சுப்பாத்தாள் கடைத் தேங்காய் பன்னைத் தின்றவன் நான். என் கை எழுதாது.)

ஆகவே, ஸ்ரீஜா மேடம், கொஞ்சம் எழுந்திருங்கள். வாசகரே, உட்காருங்கள். முத்திரை வலப்பக்கம் இருக்கிறது. எதிரே சுப்பாத்தாள், மாலை ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். உங்களுக்கும் சந்தேகமென்றால் காகிதத்தை நீவிப் பாருங்கள்.

இப்போது கையை எடுங்கள்.