நம்ம பையன்

ஒன்றரை மணிக்குக் கல்லூரி விட்டுவிடும். விட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் கலைமணிக்கு விளங்காத பாடமாக இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறவரை அவனுடைய நாளை மற்றவர்கள் நிரப்பிக் கொடுத்தார்கள். விடிந்தால் டியூஷன், பொழுது சாய்ந்தால் ஸ்பெஷல் கிளாஸ், இடையில் கிடைக்கும் அரைமணியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வேலை. இப்போது தர்மபுரியில் ஒரு கல்லூரி, அதற்கொரு விடுதி, முதலாம் ஆண்டு வரலாறு. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஆறு மணி நேரம் கேட்பாரில்லாமல் கிடந்தது. முதல் வாரம் அந்த நேரத்தில் அவன் சட்டை துவைத்தான். துவைத்ததைக் காயப்போட்டான். காய்ந்துவிட்டதா என்று நாலு தடவை போய்த் தொட்டுப் பார்த்தான்.

ஐந்தாவது தடவை தொட்டபோது கொடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“அது காஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னும் தடவுனா சாயம் போயிடும். வாலிபால் ஆடுவியா?”

குரலுக்கு உரியவன் இன்னாசி. அதே வகுப்பு, பக்கத்து அறை. தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் சவுரியப்பனின் மகன். ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். அன்று மாலை கலைமணி வலையோரம் நின்று பந்தை விரல் நுனியால் மேலே தூக்கிக் கொடுக்க, இன்னாசி எகிறி ஓர் அடி அடித்தான். எதிர்ப்பக்கம் புழுதி கிளம்பியது. கலைமணி ஊர்த் திடலில் நாலு வருடம் பந்து தூக்கிப் பழகியவன்தான். தூக்கிய பந்தை இப்படி அடிக்க ஆள் கிடைத்தது இதுதான் முதல் தடவை. ஆட்டம் முடிந்தால் வேப்பமரத்தடிக் கடையில் டீயும் சூடான போண்டாவும். அந்த ஆறு மணி நேரம் பத்தாமல் போனது.

இப்படி மூன்று வாரம். அதற்குள் கலைமணியின் கையில் இருந்த கயிறு கருப்பண்ணன் கண்ணில் பட்டுவிட்டது.

கயிற்றின் கதை இதுதான். கலைமணி சாவி தொலைப்பதில் சூரன். பள்ளிக்கூட நாட்களில் மூன்று சைக்கிள் சாவி, ஒரு வீட்டுச் சாவி. விடுதிக்கு டிரங்குப் பெட்டியோடு அனுப்பும்போது அம்மா சின்னம்மாள், மாட்டுத் தீவன மூட்டையைப் பிரித்தபோது வந்த இரண்டு நிற நூலைப் பின்னிக் கயிறாக்கி, அதில் பெட்டிச் சாவியைக் கோத்து, மகன் மணிக்கட்டில் முடிபோட்டுவிட்டாள். “கையத் தொலைச்சாத்தான்டா இனி சாவி தொலையும்” என்றாள்.

அந்த இரண்டு நிறம் என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு, பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கருப்பண்ணன் அதைத்தான் செய்தான்.

கருப்பண்ணன் மூன்றாம் ஆண்டு. அவன் பின்னால் எப்போதும் இருபது பேர் இருப்பார்கள். இருபது பேர் கையிலும் அதே இரண்டு நிறக் கயிறு. சாதிக் கயிறு என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “நம்ம கயிறு” என்பார்கள். நேராகச் சாதியைக் கேட்பதும் கிடையாது. அது மரியாதைக் குறைவாம். சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள்.

“தம்பி எந்த ஊரு?”

“கம்பைநல்லூர்ப் பக்கங்க.”

“ஊருல எந்தப் பக்கம்?”

“ரேசன் கடைக்குப் பக்கத்துலங்க.”

“ரேசன் கடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

கலைமணி யோசித்தான். “நேர் எதுருங்க. அரிசி போடற அன்னைக்கு கியூ எங்க வூட்டு வாசல்லதான் வந்து நிக்கும்.”

“அது கெடக்கட்டும். குலசாமி?”

“முனியப்பனுங்க.”

தர்மபுரிப் பக்கம் முனியப்பனைக் கும்பிடாதவன் யார்? கருப்பண்ணனுக்கு வேறு வழி தெரியவில்லை. கையைப் பிடித்துக் கயிற்றைத் திருப்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

“இது போதும்டா. நம்ம பையன்!”

“அண்ணா, அது பெட்டிச் சாவிக்குங்க. தீவன மூட்டையப் பிரிச்ச நூலு…”

“பாத்தீங்களாடா?” கருப்பண்ணன் பூரித்துப்போய்ப் பின்னால் திரும்பினான். “நாலு பேரு நிக்கற எடத்துல எப்பிடி மறைச்சுப் பேசறான் பாரு! வெவரமான பையன்!”

உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் ஊரில் நிறைய உண்டு. உண்மையைச் சொல்லி நல்ல பெயர் வாங்கி மாட்டிக்கொண்டவன் கலைமணி ஒருவன்தான்.

ஆரம்பத்தில் நன்றாகவே இருந்தது. ஒரே நாளில் இருபது அண்ணன்கள். மெஸ்ஸில் இடம் பிடித்து வைத்தார்கள். நடந்தால் கூட நடந்தார்கள். மூன்று வாரம் முன்புவரை ஈரச்சட்டையோடு உறவாடிக்கொண்டிருந்தவனுக்கு இது சின்ன விஷயமா? பிறகுதான் சட்டதிட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

வேப்பமரத்தடிக் கடையில் டீ குடிக்கக் கூடாது. அது “அவனுங்க கடை”. நம்ம கடை அரைக் கிலோமீட்டர் தள்ளி. அங்கே டீ என்ற பெயரில் தருவதில் கிளாஸின் அடிப்பாகம் தெளிவாகத் தெரியும். நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மேசை அவனுங்க மேசை. சுவரைப் பார்த்து உட்காரும் மேசை நம்முடையது. திடலோரத்துப் புளியமரத்தைக்கூடப் பங்கு பிரித்திருந்தார்கள். மேற்குப் பக்கம் நமது. மதியத்துக்கு மேல் நிழல் கிழக்கே போய்விடும். ஆனாலும் இருபது பேரும் மேற்கே வெயிலில் உட்கார்ந்து வியர்த்து வழிந்தார்கள்.

“எதுக்குங்ணா வெயில்ல உக்காரணும்?” என்று கலைமணி ஒரு நாள் கேட்டுவிட்டான்.

“இன்னைக்கு இந்த எடத்த விட்டுக் குடுத்தா, நாளைக்கு வெயிலையும் புடிச்சுக்குவானுங்கடா!” என்றான் கருப்பண்ணன்.

கடைசிச் சட்டம் இன்னாசியைப் பற்றியது.

“அந்தப் பஞ்சர் கடைப் பையன்கூட உனக்கென்ன சகவாசம்? ஆடறதுன்னா நம்ம பசங்ககூட ஆடு.”

நம்ம பசங்களில் பந்தைத் தொட்டவன் ஒருவனும் இல்லை. அதைச் சொல்லவும் கலைமணிக்கு வாய் வரவில்லை. இன்னாசியிடம் போய் விஷயத்தைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. அன்று மாலை இன்னாசி பந்தோடு வந்தபோது, “துணி துவைக்கணும்டா” என்றான். மறுநாளும் துணி துவைக்கணும். மூன்றாம் நாளும் துணி.

“உன்கிட்ட இருக்கறதே மூணு சட்டைடா,” என்றான் இன்னாசி. “யாரு துணியடா துவைக்கற? என்னான்னு நேராச் சொல்லு.”

கலைமணி தரையைப் பார்த்தான். இன்னாசி புளியமரத்தின் பக்கம் பார்த்தான். வெயிலில் இருபது பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

“சரி. தலைக்குத் துண்டு போட்டு உக்காரு. மண்டை காஞ்சிரும்.” சொல்லிவிட்டுப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போனான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து, சுற்றி இருபது பேர் இருந்தும் கலைமணிக்குப் பொழுது போகவில்லை. அவர்கள் பேச்செல்லாம் யார் நம்ம ஆள் என்பதுதான். புதிதாக வந்த ஆங்கில ஆசிரியர் நம்ம ஆளா? விடுதிக் காவலாளி நம்ம ஆளா? கிரிக்கெட்டில் சதம் அடித்தவன் ஒருவகையில் நம்ம ஆள்தானாமே? இதற்கு நடுவே திடலில் பந்து அடிபடும் சத்தம் கேட்கும். கலைமணியின் விரல்கள் தானாக விரியும். பிறகு சும்மா மடங்கிக்கொள்ளும்.

அக்டோபரில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குத் துறைவாரியாக வாலிபால் போட்டி வந்தது. வரலாற்றுத் துறைக்கும் வணிகவியல் துறைக்கும் ஒரே ஒரு செட். உடற்கல்வி ஆசிரியை நிர்மலாதேவிக்கு மரத்தின் மேற்கும் கிழக்கும் கணக்கில்லை. யார் நன்றாக ஆடுவார்கள் என்பது மட்டும்தான் கணக்கு. கலைமணி, இன்னாசி இரண்டு பெயரையும் முதலில் எழுதினார். ஆறாவது ஆள் கிடைக்காததால், கருப்பண்ணன் கூட்டத்தைச் சேர்ந்த அதே வகுப்புப் பையன் அன்புவையும் போட்டுவிட்டார்.

ஆட்டம் தொடங்கும் முன் கருப்பண்ணன் கலைமணியின் காதருகே வந்தான்.

“பந்து உன் கைக்குத்தான் வரும். அதை அன்புக்குத்தான் தூக்கிக் குடுக்கற. அந்தப் பஞ்சர் கடைப் பையனுக்கு ஒண்ணுகூடப் போகக் கூடாது. கைதட்டு நம்ம ஆளுக்குத்தான் விழணும்.”

“அன்புக்கு ஆடத் தெரியாதுங்ணா.”

“நம்ம ஆளுடா அவன். தானா வரும்.”

தானாக வரவில்லை. முதல் பந்தை அன்பு வலையில் அடித்தான். இரண்டாவது பந்துக்குக் காற்றை அடித்தான். பந்து அவன் தலையிலேயே இறங்கியது. மூன்றாவது, புள்ளி எழுதும் கரும்பலகையைச் சாய்த்தது. நான்காவது பந்துக்கு முன் அவனே கலைமணியிடம் வந்து கெஞ்சினான்.

“மச்சான், கும்புடறேன், எனக்குக் குடுக்காதடா. எங்க அக்கா வேற பாக்க வந்திருக்குது.”

கலைமணி ஓரத்தைப் பார்த்தான். கருப்பண்ணன் மீசையை நீவியபடி தலையாட்டினான். பந்து மறுபடி அன்புவுக்கே போனது.

பதினான்குக்கு மூன்று என்று பின்தங்கியிருந்தபோது அது நடந்தது. எதிரணி அனுப்பிய பந்து மிக உயரமாக எழும்பி, கலைமணிக்கும் இன்னாசிக்கும் சரிநடுவில் மெதுவாக இறங்கியது. குழந்தைகூடத் தட்டிவிடும் பந்து. “எனக்கு!” என்று யாராவது ஒருவன் குரல் கொடுத்தால் போதும். இன்னாசி கலைமணியைப் பார்த்தான். கலைமணி இன்னாசியைப் பார்த்தான். இருவரும் பேசவில்லை. பந்து நடுவில் டொப்பென்று விழுந்து, ஒருமுறை எழும்பி, ஓரமாக உருண்டு போனது.

திடலே சிரித்தது. நிர்மலாதேவி விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“ஏம்ப்பா, பந்து எந்தத் தெருன்னு தெரிஞ்சாத்தான் தொடுவீங்களா?”

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது! கலைமணிக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த பந்து கைக்கு வந்ததும் கருப்பண்ணன் பக்கம் திரும்பாமல், அதை இன்னாசிக்கு உயரமாகத் தூக்கிக் கொடுத்தான். அளவெடுத்துக் கொடுத்த பந்து.

இன்னாசி எகிறவில்லை. நின்ற இடத்திலேயே பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விசில். புள்ளி எதிர்ப்பக்கம் போனது.

“ஏன்டா புடிச்ச?”

“இப்ப எதுக்குடா குடுத்த? தோக்கறோம்னுதானே?” என்றான் இன்னாசி. “வலைக்கு இந்தப் பக்கம் மட்டும் நான் வேணும். ஆட்டம் முடிஞ்சா நீ அங்க போய் நின்னுக்குவ. அதுக்கு எனக்கு இந்தப் பந்தே வேணாம்.”

“டேய் தம்பி!” கருப்பண்ணன் ஓரத்திலிருந்து கத்தினான். “அவன்கிட்ட என்னடா பேச்சு? நீ நம்ம பையன்டா!”

கலைமணி கோட்டுக்கருகே நடந்து போனான்.

“அண்ணா, ஒன்றரை மாசமா உங்ககூடத்தான் இருக்கறேன். எம் பேரு என்னங்ணா?”

கருப்பண்ணன் வாயைத் திறந்தான். “பேரு… அட, கம்பைநல்லூர்ப் பக்கம்… ரேசன் கடைக்கு எதுரு… முனியப்பன்…” பின்னால் திரும்பி இருபது பேரையும் பார்த்தான். இருபது பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்பு உதவி செய்ய வாயெடுத்தான்.

“நீ சொல்லாதடா,” என்றான் இன்னாசி.

“ஊரக் கேட்டீங்க, தெருவக் கேட்டீங்க, சாமியக் கேட்டீங்க,” என்றான் கலைமணி. “என்னைக் கேக்கவே இல்லீங்ணா. சாதி பாத்துச் சேத்தா கூட்டந்தான் சேரும், கூட்டாளி சேர மாட்டான். இருந்த ஒரு கூட்டாளியையும் அதுக்காகத் தொலைச்சுப்போட்டு நிக்கறேன். யாருகூட டீ குடிக்கறது, யாருகூட ஆடறதுன்னு இனி நானே பாத்துக்கறேங்க.”

திரும்பி இன்னாசியிடம் வந்தான். “துணி துவைக்கணும்னு சொன்னது பொய்டா.”

“அது ஹாஸ்டலுக்கே தெரியும்.” இன்னாசி பந்தை ஒரு நிமிஷம் உருட்டிப் பார்த்துவிட்டு எதிரணியிடம் எறிந்தான். “இன்னும் கொஞ்சம் ஒசரமாத் தூக்கு. வெயில்ல உக்காந்து உக்காந்து பழக்கம் விட்டுப்போச்சு உனக்கு.”

அன்று வரலாற்றுத் துறை இருபத்தைந்துக்குப் பத்தொன்பது என்று தோற்றது. தோற்றவர்களில் அன்புவுக்குத்தான் அளவில்லாத மகிழ்ச்சி. அதற்குப் பிறகு ஒரு பந்துகூட அவன் பக்கம் வரவில்லை.

மூன்று நாள் கழித்து, சாயங்காலம், கருப்பண்ணன் திடலுக்கு வந்தான். பின்னால் யாரும் இல்லை. கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றான்.

“கலைமணி,” என்றான். பெயர் சொல்லிப் பழகாத வாய், கொஞ்சம் தடுமாறியது. “இன்னும் ஆறு மாசத்துல எனக்குக் காலேஜ் முடியுது. யாரு நம்ம ஆளு, யாரு அவனுங்க ஆளுன்னு பாத்துக்கிட்டே மூணு வருசமும் ஓரத்துல நின்னு ஓட்டிட்டேன். ஒரு நாளுகூட உள்ள வந்து ஆடல. என்னையெல்லாம் சேத்துக்குவீங்களா?”

கலைமணி இன்னாசியைப் பார்த்தான். இன்னாசி பந்தை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டான்.

“ஆடத் தெரியுமாங்ணா?”

“தெரியாது.”

“பரவால்லீங்க, கத்துக்கலாம். இங்க சேர்றவங்கள அந்த ஒரு கேள்விதான் கேப்போம். வேற எதையும் கேக்க மாட்டோம். இனிமே நீங்களும் யாரையும் கேக்காதீங்க.”